‘பிறகு’ என்று ஒரு ஃபோல்டர்

மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போவதா இப்படியே திரும்பிவிடுவதா என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றவனைப் போன வாரம் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அவன் உள்ளே போய்விட்டான். தைரியம் வந்ததால் அல்ல. மைத்துனி கதவைத் திறந்துவிட்டாள்.

“அத்தான், தலையில சட்டியைக் கவுத்துக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க? எதிர் வீட்டுக்காரங்க திருடன்னு நினைச்சு போன் பண்ணிடப் போறாங்க.”

அந்த வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கல்லூரி முடித்து வேலைக்குப் போக ஆரம்பித்தும் அந்தப் பெயர் போகவில்லை. அவளும் போகவிடவில்லை.

அவன் மனைவி வாலுவின் அக்கா. அவள் போன பிறகு அவன் இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. வாரம் ஒருமுறை போன் செய்வான். “சாப்பிட்டீங்களா அத்தை?” என்பான். “ம்” என்பார் மாமியார். “நீங்க?” என்பார். “ம்” என்பான். இரண்டு ‘ம்’களில் அந்த வாரத்து உறவு முடிந்துவிடும்.

காரணம் இருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது, அவள் அவனோடு வீட்டுக்கு வரவில்லை. “கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கேன்” என்று இங்கே வந்துவிட்டாள். அந்தக் கொஞ்ச நாள்தான் அவளுக்கு மிச்சம் இருந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனான். அந்த வருத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதது கரையவும் இல்லை.

இன்று காலை மாமியாரே போன் செய்தார். “மிஷின் போடலாம்னு பாக்கறேன் மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் என்னமோ அனுமதி இல்லைங்குது. வந்து பாக்கறீங்களா?”

ஒரு அலுவலகம் நிறைய இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வாலு அவன் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“அத்தான், ஒண்ணு சொல்றேன். அக்கா போனதுலேருந்து அம்மா அந்த ரூம் பக்கமே போகலை. கட்டில், சமையல் கட்டு, கட்டில், அவ்வளவுதான். இன்னிக்குக் காலையில எழுந்து தலை வாரிக்கிட்டு நேரா போய் மிஷின் மேல இருந்த துணியை எடுத்துட்டாங்க. அப்பாவும் நானும் மூச்சு விடலை.”

“நல்லதுதானே.”

“நல்லதுதான். ஆனா இன்னிக்கு இது ஓடலைன்னா திரும்பப் போய்ப் படுத்துடுவாங்க. அப்புறம் எழுப்ப என்னால முடியாது.” அவள் கண் சிவந்தது. உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீங்க வேற உம்முன்னு இருக்காதீங்க. ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுங்க. பேச்சுக்கு வரியா போடறாங்க?” என்றாள்.

*

தெருவைப் பார்த்த அறைதான் மிஷின் அறை. வரிசையாக ஊசிகள் வைத்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் சுவரோரம் நின்றது. அதன் தலையில் நூல்கண்டுகள். மூடிய துணிக்கு வெளியே நீட்டியிருந்த கண்டுகள் மட்டும் தூசி படிந்து, சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. எதிர் மூலையில் கம்ப்யூட்டர். அங்கே அவன் மனைவி உட்கார்ந்து வரைவாள். பென் டிரைவில் போட்டு நீட்டுவாள். அம்மா மிஷினில் செருகித் துணியில் ஏற்றுவார். கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, எண்ணெய்த் துணியால் ஊசித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

“வாங்க மாப்பிள்ளை. இளைச்சுட்டீங்க.”

“நீங்களும்தான் அத்தை.”

“சரி, ரெண்டு பேரும் கணக்குத் தீத்துக்கிட்டீங்க” என்று வாலு நடுவில் புகுந்தாள். “இப்போ வேலையைப் பாக்கலாமா?”

மேஜையில் ஒரு பை நிறைய வெள்ளைக் கோட்டுகள். பல் டாக்டருடையவை. குழந்தைகள் கோட்டைப் பார்த்தாலே அலறுகின்றன என்று அவர் சொன்னதற்கு, அவன் மனைவி ஒரு குருவி வரைந்து கொடுத்தாள். அலகில் பல் துலக்கும் பிரஷைக் கவ்விய குருவி. அதைக் கோட்டுப் பாக்கெட்டின் மேல் தையலாகப் போட வேண்டும். டாக்டர் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. அதுதான் மாமியாரை உறுத்தியது.

“அந்தக் குருவியை மட்டும் எடுத்துக் குடுங்க போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். உள்ளே நுழையும் திரை வந்தது. இரண்டு வட்டங்கள். ஒன்றின் கீழ் ‘அம்மா’. இன்னொன்றின் கீழ் ‘கல்லுளி’.

கல்லுளி அவன்தான். கேட்டால் பதில் வராத கல்லுளிமங்கன் என்று மனைவி வைத்த பெயர். அவன் எப்போதாவது வந்து பழுது பார்ப்பதற்காக அவளே தொடங்கிக்கொடுத்த கணக்கு.

முன்பு மூன்றாவதாக ஒரு வட்டம் இருந்தது. அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிக்கும் படம். அதைக் காணோம்.

அவன் தன் வட்டத்தைச் சொடுக்கினான்.

*

கோளாறு இரண்டு இடத்தில் இருந்தது. எம்பிராய்டரி மென்பொருளைத் திறந்தால், ‘அமைப்புகளைப் படிக்க முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. டிசைன்கள் இருந்த ஃபோல்டரைத் தொட்டால், ‘இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை’.

“அத்தான், நான் ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன்.” வாலு பென் டிரைவை ஆட்டிக்காட்டினாள். “வீடியோவுல பாத்தேன். இதை ஒரு தடவை ஓட்டினா போதுமாம். எல்லாப் பெர்மிஷனும் ஒரே கிளிக்குல சரியாகிடுமாம்.”

“ஓட்டிட்டியா?”

“இல்ல. நீங்க வரட்டும்னு…”

“நல்ல வேளை.”

“ஏன், என்ன செய்யும்?”

“எல்லாருக்கும் எல்லாத்தையும் திறந்துவிடும். வீட்டுக் கதவு ஒண்ணு சிக்கிக்கிச்சுன்னு இருக்கற கதவு, ஜன்னல் எல்லாத்தையும் கழட்டித் தெருவுல போடற மாதிரி. அப்புறம் விண்டோஸே எழுந்திருக்காது. ரெண்டு பூட்டுதான் சிக்கல். அந்த ரெண்டை மட்டும் தொடணும்.”

“அடேயப்பா! ஒரே மூச்சுல இவ்வளவு பேசிட்டீங்க. தண்ணி கொண்டு வரவா?”

மாமியார் துடைப்பதை நிறுத்தாமல் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. வாலு அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்த்தாள், அவரும் பார்த்தாரா என்று.

மாமனார் வாசற்படியில்தான் நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரம் நின்றாலும் கழற்றிப் பார்த்தே தீருவார். இன்று அறைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே தயங்கினார். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

“வேணுமா மாப்பிள்ளை?”

“வேணாம் மாமா. கோளாறு உள்ள இருக்கு.”

“உள்ளன்னா கழட்டினாத்தானே தெரியும்?”

“அந்த உள்ள இல்லை மாமா.”

அவன் டிசைன் ஃபோல்டரின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தான். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு கேள்விக்குறி. அதற்குப் பக்கத்தில் திரையின் ஓரம்வரை நீண்ட எண் வரிசை. தெரியாத கணக்கு.

வாலு அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “என்ன இது, போன் நம்பரா?”

“உங்க அக்கா.”

அவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

“விண்டோஸுக்குப் பேர் முக்கியமில்லை” என்றான். “ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் வெச்சிருக்கும். யாருடையதுன்னு கேட்டா, அந்த எண்ணுக்கு உரிய பேரைத் தேடி எடுத்துக் காட்டும். கணக்கையே எடுத்துட்டா காட்டறதுக்குப் பேர் இருக்காது. எண் மட்டும் நிக்கும்.”

“அப்போ அக்கா பேர்லயே திரும்ப ஒரு கணக்கு போட்டுட்டா?”

“போடலாம். அதே பேர், அதே போட்டோ கூட வைக்கலாம். ஆனா அதுக்கு வேற எண் வரும். இந்த ஃபோல்டருக்கு அது யாரோ.”

“திரும்ப வரவே வராதா?”

“வராது.”

எண்ணெய்த் துணி ஓரிடத்தில் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

“கணக்கை யார் எடுத்தது?” என்றாள் வாலு.

அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. வாசற்படியில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. மாமனாரும் இல்லை.

*

கொல்லைப்புறத்தில் அவர் குழாயைத் திறந்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிந்து செருப்பை நனைத்தது. அவன் போய்க் குழாயை மூடினான்.

“காலையில செய்தி பாக்க அதைத்தான் போடுவேன் மாப்பிள்ளை” என்றார், வாளியைப் பார்த்துக்கொண்டு. “போட்ட உடனே அவ மூஞ்சி. நூலைக் கடிச்சுக்கிட்டு, என்னப்பா எழுந்தாச்சான்னு கேக்கற மாதிரி. ஒரு நாள் பாக்கலாம். ரெண்டு நாள் பாக்கலாம். தினம் தினம் எப்படிப் பாக்கறது?”

“ம்.”

“அந்தப் போட்டோவை மட்டும் எடுக்கத்தான் பாத்தேன். நிஜமா. எங்கேயோ தட்டினேன். நீக்கவான்னு கேட்டுது. போட்டோவைத்தான் கேக்குதுன்னு ஆமான்னேன். மறுபடி கேட்டுது. மறுபடியும் ஆமான்னேன். மறுநாள் அவளே இல்லை.” அவர் ஸ்க்ரூ டிரைவரை வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். “அவ வரைஞ்சது எல்லாம் போச்சா?”

“போகலை மாமா. கணக்குக்குள்ள இருந்ததுதான் போயிருக்கும். டிசைன் எல்லாம் வேற டிரைவ்ல இருக்கு. இருக்கற இடத்துல அப்படியே இருக்கு. திறக்கத்தான் ஆள் இல்லை.”

மாமனார் மூச்சு விட்டார். பிறகு, “உங்க அத்தைக்குத் தெரிஞ்சா…”

“அப்டேட்டுன்னு சொல்லிக்கலாம்.”

“என்ன டேட்டு?”

“அப்டேட். விண்டோஸ் தானா ஏதாவது மாத்தும். எங்க ஆபீஸ்ல எது கெட்டாலும் அதைத்தான் சொல்லுவோம்.”

“நம்புவாங்களா?”

“இதுவரைக்கும் நம்பாத ஆளைப் பாத்ததில்லை.”

அவர் தலையாட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அவன் திரும்பி நடந்தபோது பின்னால் குழாய் மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது.

*

முதலில் மென்பொருள். விண்டோஸின் அடிவயிற்றில் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எப்படித் திறக்க வேண்டும் என்பதெல்லாம் கிளை கிளையாக அங்கேதான் பதிந்திருக்கும். மென்பொருளை விற்க வந்த ஆள் அதை நிறுவிவிட்டு, அதற்குரிய கிளையில் அவள் கணக்குக்கு மட்டும் முழு அனுமதி கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவள் இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. அவள் மட்டும்தானே திறந்தாள்.

அவன் ரெஜிஸ்ட்ரியை முழுதாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டான். வேலையில் முதல் பாடம் அது. ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதற்கு முன், திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும். வேறு எதற்கும் அப்படி ஒரு வழி வைக்க முடிந்ததில்லை.

கிளையைப் பிடித்தான். உரிமையாளர்: கேள்விக்குறி, எண் வரிசை. ‘மாற்று’ என்பதைச் சொடுக்கி, நிர்வாகிகள் என்று போட்டான். ‘சரி’ என்ற பொத்தானின் மேல் அம்புக்குறி நின்றது.

அலுவலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை செய்வது. வேலையை விட்டுப் போனவர்கள், மாற்றலாகிப் போனவர்கள், எல்லாருடைய ஃபைல்களையும் இப்படித்தான் இன்னொருவருக்கு மாற்றுவான். டீ குடித்துக்கொண்டே செய்வான்.

“என்ன மாப்பிள்ளை, சிக்கிடுச்சா?” என்றார் மாமியார்.

“இல்லை அத்தை.”

சொடுக்கினான். எண் வரிசை போனது. அந்த ஒரு கிளைக்கு மட்டும், இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் அனுமதி கொடுத்தான். மென்பொருளைத் திறந்தான். வெள்ளைத் திரை, இடப்பக்கம் நூல் நிறங்களின் வரிசை. அவள் விட்டுப்போன மாதிரியே, மேலே மஞ்சள்.

“வந்துடுச்சு!” வாலு கை தட்டினாள். அம்மாவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்தது ஃபோல்டர். உரிமையாளரை மாற்றினான். அடுத்து அம்மாவின் கணக்குக்கும் தன் கணக்குக்கும் அனுமதி சேர்த்தான். ‘உள்ளே இருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் அழித்துவிட்டு இதையே போடவா’ என்ற கட்டத்தில் மட்டும் குறி வைக்கவில்லை. அது அவன் பழக்கம். உள்ளே யார் எதற்காக எதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழிக்கக் கூடாது.

ஃபோல்டர் திறந்தது. பூக்கள், பள்ளிச் சின்னங்கள், கடைப் பெயர்கள். குருவி, பிரஷோடு. அதைப் பென் டிரைவில் ஏற்றி நீட்டினான்.

பென் டிரைவை வாங்கிக்கொண்ட மாமியார் அதைக் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எழுந்து போய் மிஷினில் செருகினார். கோட்டை ஃபிரேமில் இறுக்கினார். பொத்தானை அழுத்தினார்.

மிஷின் ஒரு முறை இருமியது. பிறகு ஓட ஆரம்பித்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அதிர்ந்தது. வெள்ளைத் துணியில் முதலில் வால் வந்தது, பிறகு வயிறு, பிறகு அலகு. வாலு தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“என்ன கோளாறாம் மாப்பிள்ளை?” மாமியார் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்டேட் அத்தை. விண்டோஸ் அப்டேட் வந்தா சில சமயம் இப்படி ஆகும்.”

“ஓகோ.” குருவிக்குக் கண் வந்தது. “அந்த அப்டேட் மூக்குக் கண்ணாடி போட்டிருக்குமே? முன்னெல்லாம் பஸ் ஓட்டிச்சே?”

அவன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“போகட்டும்” என்றார் மாமியார். “எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். பாவம், வாளி வாளியாத் தண்ணி பிடிச்சுக்கிட்டிருக்கார்.”

*

குருவி முடிந்ததும் அவன் கிளம்பியிருக்கலாம். போகும் முன் எல்லாம் திறக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். டிசைன் ஃபோல்டருக்குள் இருந்த சின்ன ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். திறந்தன. கடைசியில் ஒன்று.

அதன் பெயர் ‘பிறகு’.

சொடுக்கினான். அனுமதி இல்லை.

மேலே கொடுத்த அனுமதி எல்லாவற்றுக்கும் இறங்கியிருந்தது. இதற்கு மட்டும் இறங்கவில்லை. அப்படியானால் இதில் அவளே தனியாக ஏதோ செய்திருக்க வேண்டும். பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தான். மூன்று வரிகள்.

எண் வரிசை: முழு அனுமதி.

அம்மா: முழு அனுமதி.

கல்லுளி: மறுப்பு.

உருவாக்கிய தேதியைப் பார்த்தான். அவள் அவனோடு வராமல் இங்கே வந்து படுத்த அந்தக் கொஞ்ச நாளுக்குள் ஒரு தேதி.

அவனுக்கு நினைவு வந்தது. மதியம், அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் போன்.

“ஏங்க, ஒரு ஃபோல்டரை வீட்டுல இருக்கறவங்க பாக்கலாம். ஒரே ஒரு ஆள் மட்டும் பாக்கக் கூடாது. எப்படிச் செய்யறது?”

“அந்த ஆள் பேருக்கு மறுப்பு போடணும்.” எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னான். “அனுமதி எத்தனை இருந்தாலும் மறுப்புதான் ஜெயிக்கும்.”

“அப்படியா? கெட்டிக்காரர்தான்.”

“யாருக்கு? வாலுவுக்கா? டிசைனைத் திருடறாளா?”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், போனை அத்தை வாங்கி வைத்துவிட்டார்.

தன்னை வெளியே நிறுத்தும் வழியைத் தானே சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு பொத்தானாக.

மறுப்பு என்ற வரியைத் தேர்ந்தெடுத்தான். கீழே ‘நீக்கு’ என்ற பொத்தான் விழித்துக்கொண்டது. ஒரு சொடுக்கு. அவன் நிர்வாகி. இந்தக் கம்ப்யூட்டரில் அவனைத் தடுக்க யாரும் இல்லை.

“அதைத் தொடாதீங்க மாப்பிள்ளை.”

மாமியார் பின்னால் நின்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பெயரைப் படிக்கத் தெரியும்.

“உங்களுக்குத் தெரியுமா அத்தை?”

“தெரியும். சொல்லிட்டுத்தான் போனா. ‘பிறகுன்னு ஒண்ணு வெச்சிருக்கேம்மா, நீ மறுபடி மிஷின்ல உக்காரும்போது முதல் வேலையா அதைப் போடு’ன்னா. அதை நினைச்சுத்தான் நான் இந்த ரூம் பக்கமே வரலை. அதைப் போட்டுட்டா அவ சொன்ன கடைசி வேலையும் முடிஞ்சுடுமே.” அவர் குரல் உடையவில்லை, தேய்ந்திருந்தது. “இன்னிக்கும் தைரியம் வராமத்தான் குருவியை முன்னால விட்டேன்.”

“எனக்கு மட்டும் ஏன்…”

“கேக்கவேண்டியவகிட்ட நீங்க கேக்கலை. என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”



அவன் ‘ரத்து’ என்பதைச் சொடுக்கினான். தன் கணக்கிலிருந்து வெளியேறினான். திரையில் இரண்டு வட்டங்கள் வந்தன. ‘அம்மா’ என்பதைச் சொடுக்கிவிட்டு, எழுந்து நாற்காலியை மாமியார் பக்கம் திருப்பினான்.

“அதே இடத்துல இருக்கும் அத்தை. உங்களுக்குத் திறக்கும்.”

*

கூடத்தில் போய் உட்கார்ந்தான். மாமனார் எதிரில் வந்து உட்கார்ந்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள். உள்ளே மிஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.

பிறகு வாலு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கழுவியும் அழுதது தெரிந்தது.

“அத்தான், சட்டையைக் கழட்டுங்க.”

“என்னது?”

“அம்மா கேக்கறாங்க. ஃபைல் பேர்லயே எழுதி வெச்சிருக்கா. ‘கல்லுளி சட்டை, பாக்கெட்டுக்கு அடியில்’னு. பாக்கெட்டைப் பிரிச்சுட்டு, அது இருந்த இடத்துல டிசைனைப் போடணுமாம். போட்டதும் மேல பாக்கெட்டை வெச்சுத் தெச்சுடணுமாம்.”

“அப்போ யாருக்கும் தெரியாதே.”

“தெரியக் கூடாதாம். உங்களுக்கும்தான்.” அவள் கையை நீட்டினாள். “கழட்டுங்க அத்தான். உங்க பனியன்ல எத்தனை ஓட்டைன்னு நான் எண்ண மாட்டேன்.”

பொத்தான்களைக் கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது.  மாமனார் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் மேல் போர்த்தினார். கொஞ்சம் ஈரமாக இருந்தது.

கதவு மூடியது. மிஷின் ஓடியது. நிறம் மாற்ற நின்றது, மறுபடி ஓடியது. சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறை நின்றபோதும் முடிந்துவிட்டது என்று அவன் நிமிர்ந்தான். அவள் இந்த வீட்டுக்கு ஏன் வந்தாள் என்பது, மூடிய கதவுக்குப் பின்னால், அவன் சட்டையில் ஏறிக்கொண்டிருந்தது. அவனை வெளியே நிறுத்த வந்தாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். மிஷின் இங்கேதான் இருந்தது.

மாமனார் மெல்லக் கேட்டார். “ஓடுதில்ல?”

“ஓடுது மாமா.”

“நிக்காதில்ல?”

“நிக்காது.”

மாமியார் தானே சட்டையைக் கொண்டுவந்தார். இஸ்திரிச் சூடு இருந்தது. பாக்கெட் பழையபடியே, கோணாமல், பழைய தையல் ஓட்டைகளிலேயே தைக்கப்பட்டிருந்தது. பிரித்த அடையாளம் இல்லை.

“உள்பக்கம் குத்தாம இருக்க மெத்துன்னு ஒரு துணி வெச்சிருக்கேன். போட்டுக்கோங்க.”

போட்டுக்கொண்டான். இடது பக்கம் கொஞ்சம் தடிப்பாக, கொஞ்சம் கனமாக இருந்தது. விரலால் தடவினான். மேடும் பள்ளமும் இருந்தன. எழுத்தா, படமா, தெரியவில்லை.

“பாத்தீங்களா அத்தை? நல்லா இருக்கா?”

“அடுத்த வாரமும் வாங்க மாப்பிள்ளை” என்றார் மாமியார். “கோட்டு இன்னும் பாக்கி இருக்கு.” உள்ளே போனார். கட்டில் இருந்த அறைக்கு அல்ல. மிஷின் அறைக்கு.

வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஹெல்மெட்டை மாட்டப் போனவன் குனிந்து பார்த்தான். பாக்கெட்டின் கீழ் மூலையில் ஒரு நூல் முனை வெட்டாமல் நீண்டிருந்தது. தைத்த துணியில் அத்தை நூல் முனையை விட்டுவைத்து யாரும் பார்த்ததில்லை.

இழுத்தால் பாக்கெட் பிரிந்துவிடும்.

அவன் அதை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தான். உள்ளே மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.